முனையில் ஒட்டிய சந்தனம்

சென்ற வாரம் விஜயதசமியன்று காலையில் என்னை ஓரிடத்தில் அசையாமல் உட்காரச் சொன்னார்கள். என்னை! சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்கு முன்பே இரண்டு தடவை வெளியே போய் வருகிறவன் நான்.

இடம் — யானைமலையைத் தாண்டி, திருவாதவூர் போகிற வழியில் ஒரு பொட்டல். போலீஸ்காரர்களின் துப்பாக்கி சுடும் போட்டி. அறுநூறு கஜத்துக்கு அப்பால் ஒரு மண்மேடு, அதன் முன்னால் டார்கெட். அதன் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் இங்கிருந்து பார்த்தால் மிளகு அளவுதான்.

போட்டியில் என் மனைவியின் தம்பி சோணைமுத்து இருந்தான். ரிசர்வ் போலீசில் ஏட்டு. முதல் நான்கு பேருக்குச் சென்னையில் மாகாணப் போட்டி. இவனோ போன இரண்டு வருஷமும் ஐந்தாவது. இந்த வருஷம் வேறொரு கவலையும் சேர்ந்துகொண்டது. வயது நாற்பதை நெருங்குகிறது. துப்பாக்கியின் முன்முனை கண்ணுக்கு மங்குகிறது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

"இந்தத் தடவ விட்டா அம்புட்டுத்தான் மச்சான். அடுத்த வருஷம் என்னயக் கொடி பிடிக்க விட்ருவாய்ங்க."

போட்டித் தேதியைக் குறித்தவர் வெள்ளைக்கார சூப்பிரண்டு. அவர் காலண்டரைப் பார்த்தார்; பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. முதல் நாள் ஆயுத பூஜை. ரிசர்வ் லைனில் ரைபிள்களையெல்லாம் வரிசையாகச் சாத்தி, பொட்டு வைத்து, மாலை போட்டுப் பூஜை நடந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரைக்கும் தொடலாமோ? யாரும் தொடவில்லை. காலையில் கற்பூரம் காட்டி எடுத்தார்கள், லாரியில் ஏற்றினார்கள். ஓடுகிற லாரியில் துடைத்ததுதான் துடைப்பு.

முதல் இரண்டு குண்டு வெறும் சோதனை, கணக்கில் சேராது. சோணைமுத்து குப்புறப் படுத்தான். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதித்தான். காற்று எப்படி என்று தூரத்துக் கொடியைப் பார்த்தான்... பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான். சுட்டுத் தொலையேன் என்று எனக்குக் கால் பரபரக்கிறது. சுட்டான். டார்கெட்டுக்கு முன்னால் தரையில் புழுதி கிளம்பியது. சிவப்புக் கொடி ஆடியது — படவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது குண்டு டார்கெட்டின் அடி ஓரத்தில் பட்டது.

தோட்டாவின் மேல் பழியைப் போடலாம். காற்றின் மேல் போடலாம். நானாக இருந்தால் சூப்பிரண்டின் மேல் போட்டிருப்பேன். அவன் யார் மேலும் போடவில்லை. "கண்ணு போச்சு மச்சான்" என்றான் மெதுவாக.

ரைபிளின் நடுவில் ஓர் அளவுத் தகடு உண்டு. அது ஏறினால் குண்டும் ஏறும். அதைக் கொஞ்சம் உயர்த்திச் சுட்டான். குண்டு கறுப்பில் விழுந்தது. அடுத்தது கறுப்பை ஒட்டி. பிறகு மறுபடியும் கறுப்பு. ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை. ஏன் ஏற்ற வேண்டியிருந்தது என்று தெரியாமல் ஏற்றியிருக்கிறான், பாருங்கள்.

இதற்கு மேலும் உட்கார முடியுமா? எழுந்தேன், உட்கார்ந்தேன், இடம் மாறினேன். கணக்கெழுதும் போலீஸ்காரர் முறைத்தார். நான் மாறிய இடத்துக்கு நேராக, தோட்டா நிரப்புவதற்காக அவன் துப்பாக்கியைச் சாய்த்தான். முன்முனையில் ஏதோ மஞ்சளாக...

"மாப்ள, முனையில சந்தனம் ஒட்டியிருக்கு."

பார்த்தான். இரண்டு இரும்புக் காதுகளுக்கு நடுவில் இருக்கும் அந்தச் சின்ன முனையின் உச்சியில் சந்தனம் தொப்பி போலக் காய்ந்து கிடந்தது. குறி பார்க்கும் முனை ஒரு நூல் உயர்ந்தாலும் அத்தனை தூரத்தில் குண்டு எவ்வளவோ கீழே இறங்கிவிடும். அன்று முதல் தடவையாகச் சிரித்தான்.

"அப்பக் கண்ணு இல்ல."

நான் கைக்குட்டையை நீட்டினேன். அவன் தலையை ஆட்டினான்.

"வேணாம் மச்சான். இப்பத் தொடச்சா மொதல்லருந்து ஆரம்பிக்கணும். கோணல் எம்புட்டுன்னுதான் தெரிஞ்சு போச்சே, இருந்துட்டுப் போகட்டும்."

எனக்குச் சுரீர் என்றது. நாம் அப்படியா செய்கிறோம்? மருந்து உள்ளே போன அரை மணியில் வைத்தியரை மாற்றுகிறோம். சம்பந்தம் பேசும்போதே சண்டைக்குக் காரணம் தேடுகிறோம். ஒரு கோணல் கண்ணில் பட்டால் உடனே துடைத்தாக வேண்டும் — கை சும்மா இருக்காது!

என் கையும் சும்மா இல்லை. கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் புதிதாக ஒரு பயம். சுடச் சுடக் குழல் சூடேறுகிறது. சூட்டில் சந்தனம் வெடிக்காதா? வெடித்து உதிர்ந்தால், ஏற்றி வைத்த தகடு குண்டை மேலே கொண்டு போய்விடுமே?

கடைசிக் குண்டு. இது கறுப்பில் விழுந்தால் நாலாவது இடம். தவறினால் மறுபடியும் ஐந்து.

குறி பார்த்தான். மூச்சை அடக்கினான். பிறகு... முகத்தை எடுத்துவிட்டான். தகட்டைப் பழைய இடத்துக்கே இறக்கினான். இவனுக்கென்ன பைத்தியமா? இத்தனை குண்டு ஒழுங்காகப் போன அளவை இப்போதா மாற்றுவது? நான் வாயைத் திறப்பதற்குள் சுட்டுவிட்டான்.

டார்கெட், அதன் அடியில் ஆட்கள் பதுங்கியிருக்கும் பள்ளத்துக்குள் இறங்கியது. குண்டு எங்கே பட்டது என்று பார்க்க எவ்வளவு நேரம்தான் எடுத்துக்கொள்வார்கள்! ஒரு வழியாக மேலே வந்தது. நட்டநடுவில் வெள்ளை வட்டு. கறுப்பு என்பதற்கு அதுதான் அடையாளம்.

"பொட்டு உதிர்ந்துருச்சு" என்றான் எழுந்து உட்கார்ந்து. "கண்ணு மங்கல்தான் மச்சான். ஆனா முனை இளைச்சுப் போனது தெரிஞ்சுச்சு." அவன் கண் கலங்கியிருந்தது. என் கண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தோம். நாலாவது இடம் கிடைத்ததைச் சொன்னதும் என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் பூஜைக்கு அவளும் லைனுக்குப் போயிருந்தாள்.

"எல்லாத் துப்பாக்கிக்கும் பூசாரி கட்டையிலதான் பொட்டு வச்சாரு. எந்தம்பி துப்பாக்கிக்கு மட்டும் நாந்தான் போயி உச்சியில வச்சேன். செயிக்காமப் போவானா?"

சோணைமுத்து என்னைப் பார்த்தான். நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

அடுத்த வருஷம் இன்னும் கெட்டியாக அரைத்து வைக்கப் போகிறாளாம்!