வளைவில் முதல் பெயர்

கறியைப் பிசையும்போது மீர் ஸமான் யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பார். கொத்திய கறியில் மாதுளை விதையைத் தூவி, உள்ளங்கையால் அறைந்து, கொழுப்பு கொதிக்கும் சட்டியில் விடும் ஒவ்வொரு கபாபுக்கும் ஒரு வசவு. பட்டாணியர் ஊரான கோஹாட்டின் கடைத்தெருவில் அவருக்குப் பக்கத்துக் கடையில் துணி தைக்கிறேன். வசவில் பாதி எனக்குத்தான். ஆனால் பசியோடு வந்தவனை அவர் ஒருநாளும் திட்டியதில்லை.

ஒராக்ஸாய் மலையிலிருந்து அக்ரூட் விற்க வரும் கரீம் தாத் என்பவரைக் கண்டால் மட்டும் வாய் மூடிவிடும். அவர் கை கழுவத் தானே எழுந்து தண்ணீர் ஊற்றுவார்.

காரணம் எங்கள் ஊருக்கே தெரியும். மீர் ஸமானின் பாட்டன் பங்காளிப் பகைக்குப் பயந்து மலைக்கு ஓடியபோது, அடைக்கலம் தந்து குளிர்காலம் முழுக்க ரொட்டி போட்டது கரீம் தாத்தின் பாட்டன் வீடு. பிறகு அந்த ரொட்டியைத் தின்ற பாட்டனே வெள்ளைக்காரனின் எல்லைக் காலாட்படையில் சேர்ந்தார். அந்த மலையைத் தண்டிக்கப் பட்டாளம் கிளம்பியபோது முன்னால் நடந்து வழி காட்டியவரும் அவரே. அடைக்கலம் தந்த அந்த வீட்டின் கல் கோபுரத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தானியத்தைக் கொளுத்தி, அக்ரூட் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். தின்ற வீட்டுக்குத் தீ வைத்தவருக்கு ஒரு மெடல்! பட்டாளத்தின் வரலாற்றுப் புத்தகத்தில் இதற்குப் பெயர் வீரமாம். எனக்கே வயிறு எரிகிறது, அவர் பேரன் மீர் ஸமானுக்கு எப்படி இருக்கும்?

இந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பழைய பட்டாளத்து ஆட்களின் பெயர் பொறித்து ஊர் முகப்பில் ஒரு நினைவு வளைவு கட்டும் ஆசை வந்தது. முதல் பெயர் மீர் ஸமானின் பாட்டன். மீர் ஸமான் கூடாது என்று கத்திப் பார்த்தார். கிழவர்கள் லேசுப்பட்டவர்களா? ஓர் ஆட்டை ஓட்டிக்கொண்டு கூட்டமாக அவர் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அப்படி வந்து கேட்பவர்களிடம் எங்களில் எவனும் இல்லையென்று சொல்ல முடியாது. கடைசியில் மீர் ஸமான் பல்லைக் கடித்துக்கொண்டு மூத்த கிழவரிடம் சொன்னார்:

"செதுக்கிக்குங்க காகா. திரைய நானே விலக்கறேன். ஆனா விருந்தாளிய நான்தான் கூப்பிடுவேன்."

ஜெயித்துவிட்டோம் என்று ஆட்டை அறுத்துத் தின்றுவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உனக்கு ரோஷமே கிடையாதா லாலா, நீயெல்லாம் ஒரு அண்ணனா என்று சண்டைக்குப் போனேன். போய் உன் ஊசியைக் கோத்துக்கொள் என்று விரட்டிவிட்டார்.

திறப்பு விழாவில் மேளம், மாலை, ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரின் நீண்ட பேச்சு. மீர் ஸமான் திரையை இழுத்தார். முதல் வரிசை நாற்காலியில் அவர் அழைத்த விருந்தாளி கரீம் தாத். நிமிர்ந்து அந்தப் பெயரை வாசித்தார்.

மீர் ஸமான் மேடையிலிருந்து இறங்கி அவர் எதிரே போய் நின்றார்.

"உங்க வீட்டு ரொட்டியத் தின்னவன் இவன்தான்," என்றார், வளைவில் இருந்த பெயரைக் காட்டி, ஊர் முழுக்கக் கேட்கும்படி. "பட்டாளத்துக்கு வழி காட்டினவனும் இவன்தான்."

தட்டத் தூக்கிய கைகள் அந்தரத்தில் நின்றன. மீர் ஸமான் தன் தலைப்பாகையைக் கழற்றிக் கரீம் தாத்தின் தூசி படிந்த செருப்பின்மேல் வைத்துவிட்டு, வெறும் தலையோடு குனிந்து நின்றார்.