கைப்பிடி வைத்த நாற்காலி

பக்கத்து வீட்டுத் தொமித்திலாவுக்கு வாய்த்த இரண்டு ஆண்களும் காலையில் முதல் வேலையாகக் கடலில் காலை நனைத்துப் பார்ப்பார்கள். அப்பா பல்தசார் மீனவர்; தண்ணீர் சில்லிட வேண்டும் என்பார். வீட்டோடு இருக்கும் புருஷன் ஃபெர்மின் கூரை வேய்பவன். தண்ணீர் சுட வேண்டும் என்பான். எங்கள் செச்சூராப் பாலைவனக் கரையில் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் நல்லது நடந்ததில்லை.

தெற்குக் காற்று விடாமல் அடித்தால் அடிக்கடலின் குளிர்ந்த நீர் மேலே வரும், நெத்திலியும் வரும். ஆனால் வானம் சொட்டாது. கூரையைப் பற்றி யாருக்குக் கவலை? காற்று ஓய்ந்தால் கடல் சூடேறும், நெத்திலி ஓடிவிடும், இந்தப் பாலைவனத்தில் மழை கொட்டும். மண் பூசிய கூரைகள் கரைந்து கட்டிலில் விழும். அப்போது ஊரே ஃபெர்மினைத் தேடும்.

அந்த வீட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றுதான். சம்பாதிப்பவர் அதில் உட்காருவார், முதல் தட்டும் அவருக்கே. மற்றவருக்குப் பெஞ்சு. போன மழையில் பல்தசார் மருமகனுக்கு மண் சுமந்தார். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மறுபடி காற்று எழுந்ததும் நாற்காலிக்குத் திரும்பியவர், "மாப்ளே, ஆகாசத்துல எங்கயாவது ஓட்டை இருந்தா அடைச்சிட்டு வாங்களேன்" என்றார். ஃபெர்மின் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

இந்த வருஷம் காற்றுக்கு என்ன கேடோ, அடித்தும் அடிக்காமலும் கிடந்தது. கடல் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. நெத்திலிக்கு அந்தச் சூடு அதிகம், மழைக்குப் போதாது. இருவரும் வலையைச் சுருட்டி, ஏணியைச் சாத்திவிட்டு, நாற்காலி யாருக்கு என்று நாள் முழுக்க வாதாடினார்கள். ஒருவர் என்றோ பிடித்த மீனைச் சொல்வார், மற்றவர் என்றோ வேய்ந்த கூரையைச் சொல்வார். தொமித்திலா பீன்ஸ் வேகவைத்துப் பேருந்து நிறுத்தத்தில் விற்றாள். அதில்தான் வீட்டு அடுப்பு எரிந்தது.

ஒரு மத்தியானம் வந்தவள் நேராக நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"ஏம்மா, அது..." என்று இழுத்தார் பல்தசார்.

"சம்பாதிக்கிறவங்களுக்குத்தானேப்பா அது? யாராவது தட்டைக் கொண்டாங்க."

ஃபெர்மின்தான் எழுந்துபோய்க் கொண்டுவந்தான். எனக்குச் சந்தோஷம், எதற்கு மறைக்க வேண்டும்?

போன வாரம் காற்று பலமாக எழுந்தது. கடல் சில்லிட்டது. பல்தசார் கூடை நிறைய நெத்திலியோடு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். தொமித்திலா எழுந்திருக்கவில்லை. "மீனை அங்க வச்சிட்டுக் கை கழுவிட்டு வாங்கப்பா, சாப்பாடு ஆறுது" என்றாள்.

பெஞ்சில் ஃபெர்மின் கொஞ்சம் நகர்ந்து மாமனாருக்கு இடம் விட்டான்.