ராய் பெயரில் வந்த பில்

மீட்டர் பெட்டிக்குள் தலை, வாயில் டார்ச், வெளியே ஒரு பச்சைக் கோட்டும் இரண்டு காலணிகளும் மட்டும். என் கடையின் சரக்கறையில், மாடி வீட்டு மீட்டர் முன்னால், நோரீன் பிளாஞ்சர்ட் மண்டியிட்டிருக்கிறார். டார்ச்சை வாயிலிருந்து எடுத்ததும் எண் வராது. முதலில் திட்டுதான் வரும்.

“மூணு வருசமா ஒரே கரண்ட் கம்பெனியா, பாரி? வெக்கமா இல்ல உனக்கு? நீ செத்தா சிலை வைப்பானா அவன்?”

“நேரமே இல்ல நோரீன். கடையைப் பாக்கறதா, இதைப் பாக்கறதா?”

“நேரமில்லாதவன் தலையிலதான் அவன் மொளகா அரைக்கறான். எழுது, நம்பர் சொல்றேன்.”

என் பெயர் பரிமேலழகன். கிரிம்ஸ்பி என்னும் இந்த ஆங்கிலேயத் துறைமுக ஊரில் அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. நோரீன்தான் முதல் நாளே அதை நறுக்கி பாரி ஆக்கினார். இங்கே தெருவுக்கு இரண்டு வெள்ளைக்கார பாரி உண்டு என்பதால் நானும் கூட்டத்தில் கலந்துவிட்டேன். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி இல்லை, கடன் கொடுக்காத பாரி.

செப்டம்பர் பிறந்து, ஆற்றுமுகத்திலிருந்து முதல் ஊதல் காற்று வந்ததும் நோரீனுக்கு வேலை தொடங்கிவிடும். இங்கே மின்சாரம் விற்பது பல தனியார் கம்பெனிகள், விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம். தெருவே தன் மின்சார பில்லைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் வரும். என் கடைவாசலில் நின்றபடியே பார்த்துச் சொல்வார். எந்தக் கம்பெனியில் யூனிட் விலை குறைவு, எவன் தினக் கட்டணத்தில் ஏற்றியிருக்கிறான், எவனிடம் பாதியில் விலகினால் அபராதம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆயுளில் பாதியை மீன் தொழிற்சாலையில், ஓடும் பட்டைக்கு முன்னால் முள் பொறுக்கிக் கழித்தவர். ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வில்லங்கம் இருந்தால் விரலை அங்கே வைத்து, “இங்க பாரு முள்ளு” என்பார். தினக் கட்டணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் நிதானம் போய்விடும். “ஒரு பல்பு கூட எரியாம நான் இருட்டுல உக்காந்திருந்தாலும் தெண்டம் அழணும். செத்தாலும் விடமாட்டான், குழிக்குள்ள ஒரு மீட்டர் வைப்பான்!”

ஒரு கம்பெனியிலும் ஒரு வருடத்துக்கு மேல் அவர் இருந்ததில்லை. எதிர்வீட்டு லாரிக்காரர் ஒருமுறை, “பழகின கம்பெனிங்க, மாத்த மனசு வரல” என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். “தாலியா கட்டியிருக்கே அவனுக்கு? அவன் உன்ன நெனச்சு அங்க அழுதுக்கிட்டிருக்கானா? புதுசா வர்றவனுக்கு மலிவு, கூடவே இருக்கறவனுக்கு மொட்டை. அதான்யா அவன் தொழிலே.” கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் சுருக்கென்றது. விசுவாசத்துக்குக் கூடுதல் விலை வசூலிக்கும் நாட்டில் நான் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன், அதை யாரும் இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை.

இவ்வளவு கறாரான பெண்மணியிடம் ஒரு வேடிக்கை உண்டு. பில் மின்னஞ்சலில் வந்தால் கட்டணம் குறைவு. தெருவில் எல்லாரையும் மிரட்டி மின்னஞ்சலுக்கு மாற்றியவர், தனக்கு மட்டும் கூடுதலாகக் கட்டி மாதாமாதம் காகித பில்லை வரவழைத்துக்கொண்டிருந்தார். “கண்ணு சரியா தெரியல” என்பார். பொடி எழுத்தில் முள் பார்க்கிற கண்ணுக்கு என்ன கேடு என்று நான் நினைத்துக்கொள்வேன்.

காரணம் ஒருநாள் தானாகத் தெரிந்தது. தபால்காரர் அவசரத்தில் அவருடைய உறையை என் கடையில் போட்டுவிட்டார். மேலே திரு. ராய்ஸ்டன் பிளாஞ்சர்ட் என்றிருந்தது. ராய் அவர் கணவர், இறால் படகில் போய்க்கொண்டிருந்தவர். நான் கடை திறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பென்ஷன் அலுவலகத்துக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியும், நகராட்சிக்குத் தெரியும். மின்சாரக் கம்பெனிக்கு மட்டும் நோரீன் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் கம்பெனி மாற்றும்போது ராயையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்ப் புது இடத்தில் குடிவைத்திருக்கிறார். 

உறையை நீட்டியபோது வாங்கிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, “மாசத்துக்கு ஒருவாட்டி எங்க ராய் பேரு வாசல்ல வந்து விழுது, பாரி. அது பொறுக்கலியா உனக்கு?” என்றார். நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

போன கோடையில் அவர் வீட்டு மீட்டரை மாற்றினார்கள். அவர் குடியிருப்பில் காஸ் கிடையாது. செங்கல் ஹீட்டர்தான். இரவில் மலிவு மின்சாரத்தில் உள்ளே இருக்கும் செங்கல் சூடாகி, பகல் முழுக்க அந்தச் சூட்டை விடும். அதனால் மீட்டரில் இரவுக்கு ஒரு கணக்கு, பகலுக்கு ஒரு கணக்கு. பழைய மீட்டரில் இரவுக் கணக்கு முதலில் வரும். புதியதில் பகல் முதலில். செப்டம்பரில் வழக்கம்போலக் கம்பெனி மாற்றியபோது, ஊருக்கெல்லாம் டார்ச் பிடித்துப் பார்த்தவர் தன் மீட்டரைக் கைப்பழக்கத்தில் பழைய வரிசையிலேயே பதிந்துவிட்டார். இரவு முழுக்க ஹீட்டர் எரித்த மின்சாரம் பகல் விலையில் ஏறத் தொடங்கியது.

பில்லைப் பார்த்து மிரண்டவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. தெருவுக்கே யோசனை சொல்கிறவருக்கு இப்படி ஒரு பில் என்றால் வெளியே சொல்லமுடியுமா? படுக்கையறை ஹீட்டரை அணைத்தார். பிறகு கூடத்து ஹீட்டரையும். என் கடையில் குளிர்பான ஃப்ரிட்ஜின் பின்பக்கம் வெப்பக்காற்று அடிக்கும். டிசம்பரில் நோரீன் தினமும் அங்கே போய், பூனை உணவு டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து விலை பார்க்க ஆரம்பித்தார். அவரிடம் பூனை கிடையாது. அவருக்கு நுரையீரல் கோளாறு, வீடு குளிரக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருமல் சத்தத்தை வைத்தே அவர் எந்த அலமாரி அருகே நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஜனவரியில் ஒரு காலை, கடையில் யாரும் இல்லாத நேரம், செல்பேசியோடு வந்தார்.

“பகலையும் ராத்திரியையும் மாத்திப் போட்டுட்டேன், பாரி. நேத்துதான் கண்ணுல பட்டுச்சு.”

“போன் பண்ணிச் சொல்லிடுங்களேன்.”

“பண்ணேன். கணக்கு யார் பேருல இருக்கோ அவங்கதான் பேசணுமாம்.” செல்பேசியை என் பக்கம் நீட்டி, “நீ ஒரு அஞ்சு நிமிசம் எங்க ராயா இருக்கணும்” என்றார்.

“அய்யய்யோ! என் இங்கிலீஷ்ல மதுரை மணக்குமே, நோரீன். நான் எப்படி இறால் படகுக்காரரா பேசறது?”

“போன்ல பேசறவளுக்கு ராயைத் தெரியுமா? கறுத்த மாப்பிள்ளையாக் கட்டிக்கிட்டேன்னு நெனைச்சுட்டுப் போறா. பிடி.”

பாட்டுப் போட்டு வெகுநேரம் காக்கவைத்தார்கள். ஒருவழியாக ஓர் இளம்பெண் வந்தாள். சத்தம் வெளியே கேட்கும்படி செல்பேசி கல்லா மேல் கிடந்தது. ராய்ஸ்டன் பிளாஞ்சர்ட் பேசுகிறேன் என்றேன். பிறந்த தேதி கேட்டாள். நோரீன் உதடசைக்க நான் சொன்னேன். விஷயத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள், நல்ல பெண்தான்.

“வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லாம இருக்கா, சார்?”

“என் மனைவிக்கு மூச்சுக் கோளாறு.”

“ஐயோ. ஹீட்டர் போட்டிருக்கீங்கள்ல?”

நோரீனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். “ரெண்டு மாசமா அணைச்சு வச்சிருக்கு” என்றேன்.

“ரெண்டு மாசமாவா? என்ன சார் நீங்க... அவங்க குளிர்ல கிடக்கறாங்க, நீங்க முன்னாடியே கூப்பிட்டிருக்கக்கூடாதா? பாவம் சார் அவங்க.”

நோரீனின் முகம் சிவந்தது. கல்லாவுக்குக் குறுக்கே பாய்ந்து செல்பேசியை எடுத்தார்.

“அவரைச் சொல்லாத! அவர் மேல ஒரு தப்பும் கிடையாது, கேட்டியா? நான் போட்ட கணக்கு, நான் பண்ண தப்பு. அவர் இருந்திருந்தா என்னைக் குளிர்ல விட்டிருப்பாரா? அவர் செத்துப்போயிட்டாரும்மா. செத்துப் பல வருசம் ஆச்சு.”

இறந்தவன் குரலில் பேசிய நான் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தேன். பிறகு அந்தப் பெண், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வேறு பிரிவுக்கு மாற்றினாள். இறந்தவர்களின் கணக்கை முடிக்கவென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அங்கே எல்லாரும் தேனொழுகப் பேசுவார்கள், ஒரு காசு குறைக்கமாட்டார்கள்.

ராயின் கணக்கை மூடினார்கள். கணக்கோடு அந்த மலிவு ஒப்பந்தமும் போயிற்று, அது இறந்தவருடன் செய்தது என்றார்கள். நோரீன் பெயரில் புதிதாகத் திறந்த கணக்கில், அந்தக் கம்பெனியிலேயே விலை கூடின திட்டம். அந்தச் சமயம் சந்தையில் அதைவிட மலிவாக எவனும் விற்கவில்லை. ஊருக்கே கம்பெனி மாற்றித் தருபவர் தனக்கு மாற்ற இடமில்லாமல் நின்றார். ஒரே ஆறுதல், இரவு பகல் குளறுபடியைச் சரிசெய்து, கூடுதலாகப் பிடித்த பணத்தைக் காசோலையாக அனுப்புவதாகச் சொன்னார்கள். அது வந்தால் வசந்தம் வரை இரண்டு ஹீட்டரும் எரியும்.

காசோலை போன வாரம் வந்தது. காலஞ்சென்ற ராய்ஸ்டன் பிளாஞ்சர்ட் என்று எழுதியிருந்தது. ராயின் வங்கிக் கணக்கு மூடி எத்தனையோ காலமாயிற்று. நோரீன் வங்கிக்குப் போனார், அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தார். இருமி முடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

“இறப்புச் சான்றிதழ் கொண்டா, கல்யாணச் சான்றிதழ் கொண்டா, நாலு எடத்துல கையெழுத்துப் போடுன்னு சொல்றான். எங்க ராய் செத்தத இன்னொருவாட்டி நிரூபிக்கணுமாம்.”

“போட்டுக் கொடுத்துருங்க, நோரீன். பணம் வருதுல்ல? நான் கூட வர்றேன், இன்னிக்கே போவோம்.”

“இனிமே மாசாமாசம் என் பேருலதான வரும், பாரி?”

ஆமாம் என்றேன்.

“கத்தரிக்கோல் இருந்தா குடு.”

எதற்கு என்று யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தேன். கல்லா மேல் காசோலையை வைத்து, மீன் முள் எடுக்கும் நிதானத்தோடு, காலஞ்சென்ற என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கத்தரியை வைத்தார்.

“நோரீன், வெட்டினா செல்லாது!”

வெட்டினார். கணவர் பெயர் மட்டும் இருந்த துண்டைப் பர்ஸில் வைத்து மூடிவிட்டு, மீதியை என் பக்கமாகத் தள்ளினார்.