கேட்காமல் ஊற்றும் கை

தபால்காரர் மருந்துக்கடை முனையில் திரும்பும்போதே காபிக்கடை அக்கா ஒரு கோப்பையை நிமிர்த்திவிடுவார். காபி மெஷினின் தலைமேல் கோப்பைகள் எல்லாம் குப்புறக் கவிழ்ந்து சூடேறிக்கொண்டிருக்கும். வருகிறவர் யார் என்று கண்ணாடிக் கதவு வழியே தெரிந்த மாத்திரத்தில் ஒன்று நிமிரும், பால் சீறும். தபால்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்து உட்காரும்போது அவர் முன்னால் ஆவி பறந்துகொண்டிருக்கும். அவருக்குச் சர்க்கரை ஒன்றரைக் கரண்டி, கலக்கக் கூடாது. அடியில் தங்கிய இனிப்பைக் கடைசி வாயில் எடுப்பது அவருடைய சுகம். இது அவர் மனைவிக்குக்கூடத் தெரியுமா என்பது சந்தேகம்.

புதிதாக வருகிறவரிடம் முதல் நாள் மட்டும் "என்ன வேணும்?" என்று கேட்பார் அக்கா. அடுத்த நாள் "அதேதானே?" என்பார். அதற்கு அடுத்த நாளிலிருந்து கை பார்த்துக்கொள்ளும். வீதியில் அந்தக் கடைக்குக் 'கேக்காத கடை' என்றே பெயர் விழுந்துவிட்டது. வாசலில் வேறு பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை.

உள்ளே விலைப்பலகை கிடையாது. அடுப்படியில் முட்டையும் ரொட்டியும் பார்த்துக்கொள்பவர் அக்காவின் தம்பி. அவர் ஒருமுறை ஆசையாகப் பலகை ஒன்று எழுதிக் கொண்டுவந்து மாட்டினார்.

"கழட்டுடா அதை. பலகையப் பாத்துக் கேக்கிறவன் வழிப்போக்கன். இங்க வர்றவங்க வீட்டு ஆளுங்க. வீட்டுல உக்காந்து எவனாவது பலகையப் பாத்துச் சாப்பாடு கேப்பானா?"

"நீ நடத்துறது காபிக்கடையா, குறி சொல்ற கடையா? எனக்கே விளங்கல."

பலகை இன்றைக்கும் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால், தண்டனை வாங்கிய பிள்ளைபோலச் சுவரைப் பார்த்து நிற்கிறது.

ஐம்பதைத் தாண்டியவர் அக்கா. கழுத்தில் நூல் கட்டி ஒரு கண்ணாடி தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. தெருமுனையில் வருகிற ஆளைப் பார்க்க அது தேவையில்லை. கிட்டத்தில் இருப்பதைக் கையே பார்த்துவிடும். வலது மணிக்கட்டில் ஆவி சுட்ட பழைய தழும்பு, வெந்து வெளுத்த தோல். மெஷினுக்குக் 'கிழவி' என்று பெயர் வைத்திருக்கிறார். கூட்டமான வேளையில் அது முனகத் தொடங்கினால், "கிழவி, நாலு பேருக்கு முன்னால மானத்த வாங்காத" என்று அதட்டி, பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவார். அடங்கிவிடும். தம்பி எத்தனை தட்டினாலும் அடங்காது.

இந்தக் கேட்காத பழக்கம் பெருமைக்காக வந்ததல்ல. அக்கா முதலில் வேலை பார்த்தது ஒரு பெரிய மருத்துவமனையின் சிற்றுண்டிச் சாலையில். வேலை முடித்து இறங்கி வரும் செவிலியருக்கு வாயைத் திறக்கத் தெம்பிருக்காது. உள்ளே யாரையோ விட்டுவிட்டு வந்து நிற்கிறவர்களுக்கு என்ன வேண்டுமென்றே தெரியாது. அவர்களிடம் போய்ப் பாலா, சர்க்கரையா என்று நச்சரிப்பது பாவம் என்று அக்காவுக்குத் தோன்றியது. கேட்காமல் கொடுப்பதுதான் மரியாதை என்று அங்கேதான் கை கற்றுக்கொண்டது. பிறகு சொந்தக் கடை வைத்தபோதும் கை அதை மறக்கவில்லை.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களும் உண்டு. பக்கத்துக் கடிகாரக் கடைக்காரர் சொல்வார்: "ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் டீ குடிக்கலாம்னு ஆசையா வந்தேன். உக்கார்றதுக்குள்ள காபி வந்து உக்காந்திருந்துச்சு. சரி, தலையெழுத்துன்னு குடிச்சிட்டேன். இன்னும் குடிச்சிக்கிட்டிருக்கேன்." கடையே சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். மறுநாளும் அவருக்குக் காபிதான்.

எதிர்ச்சாரியில், செருப்புக்கடை இருந்த இடத்தில், கம்பெனிக் கடை வந்தது. பகலிலும் எரியும் விளக்குகள், சுவர் உயரத்துக்கு ரொட்டிக்குள் இறைச்சி அடுக்கிய படங்கள், ஊருக்கு ஊர் ஒரே மாதிரி நாற்காலி. முதலில் கல்லூரிப் பிள்ளைகள் போனார்கள். பிறகு கைக்குழந்தைக்காரிகள் போனார்கள், அங்கே குழந்தைக்குத் துணி மாற்ற ஒரு மேடை இருக்கிறதாம். முனையில் இருந்த டீக்கடை சொல்லிக்கொள்ளாமல் மூடியது. கேக் கடைக்காரம்மா சொல்லிக்கொண்டு, அழுதுவிட்டு மூடினார்.

"அடுத்து நாமதான்" என்றார் தம்பி.

"வாயக் கழுவு. புதுசுக்குப் போறவன் போவான். விளக்கு பாத்துப் போன விட்டில் பூச்சி எத்தன நாளைக்கு?" என்றார் அக்கா. போனவர்கள் எல்லாரும் விளக்குக்காகப் போனார்கள் என்றே அவர் நம்பினார். ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் டிரைவர் அண்ணன். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கடை திறந்த நாளிலிருந்து காலை வேளையில் மனைவியோடு வருவார். ஜன்னலோரச் சின்ன மேசை, எதிரெதிர் நாற்காலி. அவருக்குச் சர்க்கரை இல்லாத கடுங்காபி, அண்ணிக்குப் பால் கூட்டி, இனிப்புத் தூக்கலாக. அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு, "கொஞ்சம் ஆறட்டும்" என்று வைத்துவிடுவார். அது ஆறுவதற்குள் அவர் தன்னுடையதை முடித்துவிட்டு, பேச்சுவாக்கில் அண்ணியின் கோப்பையிலும் பாதியைக் குடித்துவிடுவார். "வீட்டுலயும் இதே திருட்டுதான், கண்டுக்காத" என்பார் அண்ணி. இதற்காகவே அண்ணியின் கோப்பையில் அக்கா விளிம்பு தொட ஊற்றுவார்.

அண்ணி இறந்துபோனார். அன்றைக்கு அக்கா கடையைச் சாத்திவிட்டுப் போய், கூடவே இருந்து, அழுதுவிட்டு வந்தவர்தான். தெரியாதவரல்ல. ஆனால் சில வாரம் கழித்து ஒரு காலையில், டிரைவர் அண்ணன் தனியாகச் சாலையைக் கடந்து வந்தபோது, கைக்கு அது தெரியவில்லை. இரண்டு கோப்பை நிமிர்ந்தன. கடுங்காபியை அவர் முன்னால் வைத்தார். விளிம்பு தொட ஊற்றிய மற்றதைக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார். வைத்த பிறகுதான் தான் செய்தது அக்காவுக்குப் புரிந்தது.

எடுப்பதா, விடுவதா? எடுத்தால், வைத்ததைவிடக் கொடுமை. அக்கா வெற்றுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். அண்ணன் தன்னுடையதைக் குடித்தார். மற்றதில் பாலாடை படியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் இழுத்து, ஆறிப்போன இனிப்பை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். "வர்றேன்மா" என்று எழுந்து போனார்.

வரவில்லை. அடுத்த வாரம் எதிர்ச்சாரிக் கண்ணாடிக்குப் பின்னால், உயரமான நாற்காலியில், காகிதக் கோப்பையோடு அவர் உட்கார்ந்திருப்பதை அக்கா பார்த்தார். அதற்கடுத்த நாளும் பார்த்தார்.

"பாத்தியா, அவரும் அங்க போயிட்டாரு. ஏசி சுகம்" என்றார் தம்பி.

"ஆமா, ஏசி" என்றார் அக்கா. அன்று கிழவி முனகவே இல்லை. இருந்தும் இரண்டு முறை தட்டினார்.

கூட்டமில்லாத ஒரு பிற்பகலில், இடுப்பில் கட்டிய துணியோடே, அக்கா சாலையைக் கடந்தார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவது என்று தீர்மானம். எத்தனை பேர் போனாலும் போகட்டும், தன் கையால் விரட்டிய ஆள் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு காபி ஊற்ற முடியாது.

உள்ளே குளிர். வாங்க என்று சொல்ல ஆளில்லை. நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு திரை நின்று கேள்வி கேட்டது. இங்கேயே சாப்பிடவா, எடுத்துப் போகவா? சூடா, குளிர்ச்சியா? சிறியதா, பெரியதா? அக்கா கழுத்துக் கண்ணாடியைத் தூக்கி மாட்டிக்கொண்டார். விரலை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றார். பின்னால் வரிசை சேர்ந்தது.

"பயப்படாத தங்கச்சி, அது கடிக்காது." ஜன்னலோரத்திலிருந்து டிரைவர் அண்ணன் எழுந்து வந்திருந்தார். "என்ன குடிக்கிற?"

அக்கா திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "தெரியலண்ணே."

"காபிக்கடைக்காரிக்கு என்ன குடிக்கிறதுன்னு தெரியலியா? நல்லாருக்கு கதை."

"மிச்சம் இருக்கிறதக் குடிப்பேன். யாரு என்னக் கேட்டா?"

அவர் சிரித்தார். பழகிய விரலால் திரையில் ஒரு படத்தைத் தொட்டார். 'எத்தனை?' என்று கேட்டது திரை. ஒன்று என்ற எண்ணைத் தொட்டார். அந்த விரல் அங்கே கொஞ்ச நேரம் நின்றதுபோல அக்காவுக்குப் பட்டது.

ஜன்னலோரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே சாலைக்கு அப்பால் கேக்காத கடை தெரிந்தது. மெஷினும் அதன்மேல் கவிழ்ந்த கோப்பைகளும் அங்கிருந்து பார்த்தால் அப்பட்டமாகத் தெரிகின்றன என்பது அக்காவுக்குப் புதுச் செய்தி.

"காபி எப்படி?"

"சூடா இருக்குண்ணே."

"அதோட நிறுத்திக்க. மீதி எனக்கும் தெரியும்."

அக்கா காகிதக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "எம்மேல கோவமாண்ணே?"

"உம்மேலயா? சீச்சீ."

"கை பண்ணிடுச்சுண்ணே. எனக்குத் தெரியாம..."

"உங்க அண்ணி செத்ததுக்கு அப்புறம் அவளுக்குன்னு காபி போட்டவ நீ ஒருத்திதான். அதுல என்ன கோவம்?" அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மறுநாளும் ரெண்டு வெச்சிடுவியோன்னு பயம் வந்துச்சு. அப்புறம், வெக்காம ஒண்ணே ஒண்ணு கொண்டாந்துடுவியோன்னு அதுக்கும் பயம். வாசல் வரைக்கும் வந்து திரும்பினேன், ஒரு நாள்."

அக்கா காகிதக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இங்க இருக்கிற எதுக்கும் என்னத் தெரியாது. அந்த மெஷினு தினம் கேக்குது, எத்தனைன்னு. நானும் தினம் ஒண்ணுன்னு தொடறேன். வாயால சொல்ல வேண்டியதில்ல பாரு. பழகிக்கிறேன்."

அக்கா அந்தக் காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிடித்திருந்ததால் அல்ல. திரும்பி வந்தபோது தம்பி கரண்டியோடு வாசலில் நின்றிருந்தார்.

"என்ன, வேவு பாத்தாச்சா? என்ன வெச்சிருக்கான் அப்படி?"

"ஒண்ணும் இல்ல. கேக்குறாங்க" என்றார் அக்கா.

மறுநாள் கடிகாரக் கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். மேசையில் ஒன்றும் வரவில்லை. அக்கா எதிரே வந்து நின்றார். "காபியா, டீயா?"

அவர் அரண்டுபோனார். "ஏங்க்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

நெடுநேரம் யோசித்தார். "இன்னிக்குக் காபியே குடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

தபால்காரருக்கு மட்டும் பழையபடியே நடக்கிறது. அவரிடம் கேட்டால் அழுதுவிடுவார் என்கிறார் அக்கா. மற்றவர்களிடம் சில நாள் கேட்கிறார், சில நாள் மறந்து ஊற்றிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். பலகையை எடுத்து மாட்டலாமா என்று தம்பி ஒரு தடவை மெல்ல ஆரம்பித்தார். அக்கா பார்த்த பார்வையில் அடுப்படிக்கே திரும்பினார்.

எதிர்ச்சாரியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. கூட்டமும் அங்கேதான் அதிகம். அந்த உயரமான நாற்காலியை அக்கா பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்வார். துணியால் மேடையைத் துடைக்கும்போது மட்டும் கண் ஒருமுறை அந்தப் பக்கம் போய்வரும்.

சென்ற வாரம், மழை விட்ட ஒரு காலையில், டிரைவர் அண்ணன் கம்பெனிக் கடை வாசல்வரை வந்து நின்றார். குடையைச் சுருக்கினார். கதவைத் தள்ளவில்லை. ஒரு பேருந்து போகட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சாலையைக் கடந்தார். கேக்காத கடைக்குள் தம்பி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினார். கடிகாரக் கடைக்காரர் கோப்பையை உதட்டருகே வைத்தபடி குடிக்க மறந்தார்.

அக்காவின் இரண்டு கைகளும் மெஷின் தலைக்குப் போய்விட்டன. ஆளுக்கொரு கோப்பையின் மேல் அவை உட்கார்ந்துகொண்டன. அங்கேயே அழுத்திப் பிடித்தபடி, எதையும் திருப்பாமல் நின்றார். அண்ணன் கதவைத் தள்ளி உள்ளே வந்தார். ஜன்னலோர மேசைக்குப் போனார். தான் வழக்கமாக உட்காரும் நாற்காலியை இழுத்தார், உட்கார்ந்தார், குடையைக் காலருகே சாய்த்தார். எதிர் நாற்காலியைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே, மேசைமேல் வைத்திருந்த கையிலிருந்து ஒரு விரலை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார்.

அக்கா வலக்கையால் ஒரு கோப்பையை நிமிர்த்தினார். பால் கலக்காத காபி சொட்டி முடியும்வரை இடக்கையை மற்றக் கோப்பையின் மேலிருந்து எடுக்கவில்லை.