முனிராஜு சரியாகத்தான் மாட்டினார்

ஓசூர் பக்கம் பேரிகை கிராமத்தில் முனிராஜு இறந்துவிட்டார் என்று கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். தேன்கனிக்கோட்டைக் காட்டு யானையைக் குடையால் விரட்டியவன் என்று என் புகழை நானே பரப்பி வைத்திருக்கிறேன். அந்த மாவீரன் அன்று இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டான். ஏன் என்பதை நம் தெருக்காரர்களான உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையின் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னிடம் தமிழ். ஓசூரில் நான் கட்டிய மாளிகையின் போர்வெல் தண்ணீரில் அவ்வளவு செம்மண். மொட்டைமாடித் தொட்டியில் தக்காளி பயிரிட்டு ராயக்கோட்டைச் சந்தையையே கவிழ்த்திருக்கலாம். வீடு முழுவதற்கும் ஒரே ஃபில்டர் போதும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்று மாட்டிக் கொடுத்தார். உள்ளே இருக்கும் மணலைக் கழுவ ஒரு கைப்பிடி. "மோட்டார நிறுத்திட்டுத்தான் அதத் தொடணும்ணா. தண்ணிகிட்ட வீரம் காட்டக் கூடாது" என்று மூன்று முறை என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார்.

கிரகப்பிரவேசத்துக்குப் புதுச் சட்டையில் வந்தார். ஃபில்டர் நன்றாக ஓடினால் தங்களுக்கும் போடலாம் என்று நம் தெருவில் ஆறு வீட்டார் சொல்லியிருந்தீர்கள். ஒப்பந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் செய்ய நினைத்திருந்தார். நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று செல்போன்கூட வாங்கியிருந்தார்.

"என்ன மாமா இது, கேஸ் சிலிண்டரா?" என்றான் மாடியில் ஃபில்டரைப் பார்த்த என் மச்சான். விடுவேனா? மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பஸ் ஓட்டுகிறவனைப் போலக் கைப்பிடியைத் திருப்பிக் காட்டினேன். உள்ளே ஏதோ 'டப்' என்றது. பந்தி முடிந்து கை கழுவப் போனால் எல்லாக் குழாயிலும் செந்நீர்.

"ரசத்தக் குழாயிலயே விட்டுட்டீங்களா மாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எல்லோர் முன்னாலும் கத்தினேன்: "என்ன முனிராஜு, தலைகீழா மாட்டிட்டியா?"

மாடிக்கு ஓடி மூடியைக் கழற்றினார். உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. "மோட்டார் ஓடறப்ப யாரோ திருப்பியிருக்காங்கண்ணா." யார் என்று கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார். "கீழ வந்து, என் வேலையில தப்பில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

"அப்புறம் சொல்றேன்பா."

அந்த அப்புறம் வரவே இல்லை. புது ரப்பர் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆறு வீட்டாரும் அவரைக் கூப்பிடவில்லை. பிறகு எப்போது கம்பெனி கேட்டில் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "ஃபில்டர் நல்லா ஓடுதாண்ணா?"

செய்தி வந்ததிலிருந்து, காலையில் குழாயைத் திறந்தால் அது முதலில் தொண்டையைச் செருமுகிறது. காற்று அடைத்திருக்கிறது என்கிறாள் மனைவி. நேற்று என்னை அறியாமல் "நல்லா ஓடுதுப்பா" என்று பதில் சொல்லிவிட்டேன். "யார்கிட்ட பேசறீங்க?" என்றாள்.

காரியத்துக்குப் பேரிகை போனேன். அவர் மனைவியிடம், "நான்தாம்மா திருப்பினேன்" என்றேன்.

"தெரியும்ணா. அன்னிக்கே சொன்னாரு. எங்கிட்ட சொல்லி என்ன? உங்க தெருவுல சொல்லுங்க."

இதோ, சொல்லிவிட்டேன்.

அன்று அங்கிருந்து கிளம்பும்போது அவர் மனைவி பீரோவிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்துக் காட்டினார். அச்சடித்த விசிட்டிங் கார்டுகள், கட்டுகூடப் பிரிக்கவில்லை. கேட்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன். என் சட்டைப் பையில் இருக்கிறது. 'முனிராஜு, வீட்டுத் தண்ணீர் ஃபில்டர் மாட்டித் தரப்படும்.'