சிரிக்காத மேசை

ஒரே ஜோக்குக்குப் பாதி ஹால் சிரித்து, பாதி ஹால் சும்மா இருந்தால் தப்பு யார் மேல்? ஜோக்கின் மேலா, சொன்னவன் மேலா?

போன ஞாயிற்றுக்கிழமை டுசல்டோர்ஃபில் எங்கள் தமிழ்ப் புத்தாண்டு விழா. ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலை வாடகைக்குப் பிடித்திருந்தோம். இந்தியத் தமிழர்கள் ஒரு பக்கம், இலங்கைத் தமிழர்கள் ஒரு பக்கம் — யாரும் அப்படி உட்காரச் சொல்வதில்லை, தானாக அமைந்துவிடும். நம்மவர்கள் கம்ப்யூட்டர், இன்க்ரிமென்ட், சென்னையில் ஃப்ளாட் என்று பேசுவார்கள். அந்தப் பக்கம் பேச்சு வேறு. அகதி விண்ணப்பம், வக்கீல், யாருடைய தம்பி எந்த நாட்டு எல்லையில் மாட்டிக்கொண்டிருக்கிறான்... நான் இரண்டு பக்கமும் போய்வருகிறவன் என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு.

பாட்டு முடிந்து பாயசம் வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. "சார், ஈஸ்டருக்கு ஃபிரான்ஸ் போனீங்களாமே, ஏதாவது சொல்லுங்களேன்" என்றார் ஒரு நண்பர். வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனிடம் இப்படிக் கேட்கலாமா? மைக்கைப் பிடித்துவிட்டேன்.

பெர்பின்யான் என்ற ஊரில் என் நண்பர் மரியதாஸ் ஓடிய கதையைச் சொன்னேன். சொன்னது மட்டுமா... கோட்டைக் கழற்றித் தலைக்குமேல் வீசி, குனிந்து ஓடியும் காட்டினேன். மரியதாஸ் சமையலறையில் வடை போட்டுக்கொண்டிருந்தார். அதனால் தைரியம். எங்கள் பக்கத்து மேசைகளில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு சத்தம் இல்லை. ஸ்பீக்கர் அங்கே சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஓடின கட்டத்தை இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். அவ்வளவு புத்திசாலி நான்.

கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்தவன்தானே.

மரியதாஸ் மன்னார்க்காரர். அகதியாக ஜெர்மனிக்கு வந்து, ஒரு ரெஸ்டாரன்ட் சமையலறையில் வேலை பார்க்கிறார். மனைவி ஸ்டெல்லா. ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பதினாலு வயது மகள் ஜெனி. ஸ்டெல்லாவுக்கு லூர்து மாதாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. என்னிடம் கார் இருந்தது. என் மனைவி சென்னைக்குப் போயிருந்ததால் லீவும் சும்மா கிடந்தது. "வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். லூர்து முடிந்ததும் பெரிய வெள்ளிக்குப் பெர்பின்யான் போகலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான்.

ஃபிரான்ஸின் தென்கோடியில் இருக்கும் ஊர் அது. கொஞ்சம் தள்ளினால் ஸ்பெயினில் விழுந்துவிடும். ஒரு காலத்தில் மயோர்க்கா அரசர்கள் அரண்மனை கட்டி ஆண்டிருக்கிறார்கள். செங்கல்லில் கட்டிய பழைய கோட்டை வாசல் ஒன்று ஊர் நடுவே நிற்கிறது. உச்சியில் மஞ்சளில் சிவப்புக் கோடுகள் போட்ட கொடி — எல்லைக்கு இரண்டு பக்கமும் வாழும் கட்டலான் மக்களின் கொடி. பல தெருக்களில் பெயர்ப்பலகை பிரெஞ்சிலும் இருக்கிறது, கட்டலானிலும் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வரும். எங்கள் நாலு பேரில் வாய் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற மிதப்பில் திரிந்தேன்.

ஒரு காபிக் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தோம். "பாஸ்போர்ட்டில் நான் பிரெஞ்சுக்காரன், வீட்டில் கட்டலான்" என்றார். மரியதாஸுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"அண்ணை, இவற்றை பிள்ளையள் இந்தப் பாஷை கதைக்கிறவையோ எண்டு கேளுங்கோ."

கேட்டேன். மகனுக்குப் புரியும், ஆனால் பதிலைப் பிரெஞ்சில்தான் சொல்வான் என்றார் கடைக்காரர். நான் அதைத் தமிழில் சொன்னதும் மரியதாஸும் ஸ்டெல்லாவும் ஒரே நேரத்தில் ஜெனியைப் பார்த்தார்கள். அவள் காதில் வாக்மேனோடு எங்களை ஏறிட்டுப் பார்த்து, "வாஸ்?" என்றாள் ஜெர்மனில். என்னவாம் என்று அர்த்தம். நாங்கள் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சேர்ந்துகொண்டார்.

பெரிய வெள்ளி மத்தியானம் அந்த ஊரில் ஓர் ஊர்வலம் உண்டு. பல நூறு வருடப் பழக்கம். மரண தண்டனைக் கைதிகளுக்குக் கடைசி வழியில் துணைபோவதற்காக ஆரம்பித்த ஒரு சபையார் நடத்துவது. கறுப்பு அங்கி. தலையில் கூம்பு மாதிரி உயரமான துணி முகமூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அந்தக் காலத்தில் கைதிக்கும் இதே உடுப்பைப் போட்டு நடுவில் விட்டுக் கூட்டிப்போவார்களாம். வேடிக்கை பார்க்கிற கூட்டம் யார் கைதி என்று கண்டுபிடித்து அடித்துவிடக் கூடாதே, அதற்காக.

இதெல்லாம் டூரிஸ்ட் ஆபீஸில் கொடுத்த தாளில் பிரெஞ்சில் இருந்தது. நான் படித்தேன். மற்ற மூவருக்கும் சொல்லவில்லை. சர்ப்ரைஸாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். முகமூடிகளைப் பார்த்து அவர்கள் வாய் பிளக்கிற நேரத்தில் ஒரு போட்டோ எடுக்கலாமே... "சிலுவைப் பாதை மாதிரி ஏதோ வருமாம்" என்று மட்டும் சொல்லி, முன்வரிசையில் இடம் பிடித்து நிறுத்தினேன்.

முதலில் மேளச் சத்தம் வந்தது, சாவு வீட்டு மேளம் போல நிதானமாக. பிறகு சிவப்பு அங்கியில் ஒருவர் மணியை ஆட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால், தெரு முனை திரும்பி, கறுப்பு முகமூடிகள். வரிசை வரிசையாக. சிலர் வெறுங்காலோடு. தெருவில் யாரும் பேசவில்லை. நான் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு மரியதாஸ் பக்கம் திரும்பினேன்.

அவர் அங்கே இல்லை. ஜாக்கெட்டைக் கழற்றி ஜெனியின் தலைக்குமேல் போட்டு, முகத்தை முழுக்க மூடி, அவளை இடுப்போடு இழுத்து அணைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து ஓடிக்கொண்டிருந்தார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண்மணி நாற்காலியோடு சாய்ந்தார். பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஜெனி ஜெர்மனில் கத்தினாள். ஸ்டெல்லா அவர்கள் பின்னால் ஓடினாள். ஒரு முகமூடிக்காரர் நடையை நிறுத்தி எங்கள் பக்கம் பார்த்தார்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மனிதருக்கு என்ன ஆயிற்றோ என்றா? இல்லை. இத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில் மானத்தை வாங்குகிறாரே என்றுதான்.

பக்கத்தில் நின்ற ஒருவர் என் காதோரம் மெதுவாகக் கேட்டார்: "அவர் உங்களோடு வந்தவரா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று. அது போதாதென்று, நெற்றிப்பொட்டில் விரலை வைத்துத் திருகியும் காட்டினேன் — மறை கழன்ற கேஸ் என்று. அதற்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை. அவரும் புரிந்துகொண்டு உதட்டைப் பிதுக்கினார். நான் நிம்மதியாக ஊர்வலத்தைப் பார்த்து முடித்தேன்.

பிறகு போய்ப் பார்த்தால் மரியதாஸ் கார் பக்கத்தில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்தார். "வெய்யில் அண்ணை. தலை சுத்திப்போட்டுது" என்றார். ஏப்ரல் மாத வெயில். நம்பிவிட்டேன். ஜெர்மனி வந்து சேரும்வரை ஸ்டெல்லா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கார்ப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று அதையும் எனக்கு வசதியாகவே புரிந்துகொண்டேன்.

இதுதான் நான் மைக்கில் சொன்ன கதை. விரலைத் திருகியதையும் தலையை ஆட்டியதையும் மட்டும் அங்கே சொல்லவில்லை.

கைதட்டல் முடிந்து உட்கார்ந்தேன். ஜெனி பாயசத் தட்டோடு வந்தாள்.

"மாமா, நீங்கள் ஒண்டை விட்டிட்டியள்."

"எதம்மா?"

தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை விரலை நெற்றிப்பொட்டில் வைத்துத் திருகினாள். "இதை." கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் விட்டுப்போன ஒரு வரியை எடுத்துக் காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். "பாயசம் எடுங்கோ" என்றாள் பிறகு. எடுத்தேன். ஓடும்போதே அவள் ஜாக்கெட்டை விலக்கித் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

எழுந்து சமையலறைக்குப் போனேன். மரியதாஸ் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றார்.

"மரியதாஸ்... நான் சும்மா, தமாஷுக்குத்தான்..."

"கேட்டது அண்ணை. ஸ்பீக்கர் இஞ்சையும் இருக்கு." திரும்பாமலேயே சொன்னார். "உங்களுக்குத் தெரியாதுதானே."

"எது தெரியாது?"

வடையைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "ஊரிலை ஆமி சுற்றிவளைப்பு எண்டு வந்தா ஆம்பிளையள் எல்லாரையும் கொண்டுபோய் ஒரு வெளியிலை வரிசையா விடுவாங்கள். ஜீப்புக்குள்ளை ஒருத்தன் இருப்பான். தலையிலை சாக்கு. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னாலை போக வேணும். அவன் கதைக்க மாட்டான். தலையை மட்டும் ஆட்டுவான். ஆட்டினா ஏத்திக்கொண்டு போயிடுவாங்கள். தலையாட்டி எண்டு சொல்லுறது."

அடுத்த வடையைத் தட்டி எண்ணெயில் போட்டார்.

"எனக்கு அவன் ஆட்டேல்லை. எனக்குப் பின்னாலை வந்தவன் என்ரை தம்பி. அவனுக்கு ஆட்டினவன்."

தம்பி திரும்பி வரவில்லை.

"உள்ளுக்கை ஆர் இருந்ததெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அவனுக்கு எங்களைத் தெரியும் அண்ணை. எங்கடை ஊர்ப் பெடியனாத்தான் இருப்பான். இப்ப அவனும் எங்கையாவது வெளிநாட்டிலை இருப்பான். இந்த ஹோலிலை இருந்தாலும் தெரியாது."

எதிர்ப்பக்கத்து மேசைக்கு ஸ்பீக்கர் நன்றாகவே கேட்டிருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த எத்தனை பேர் அந்த வரிசையில் நடந்தவர்களோ... அவர்களுக்குத்தான் நான் இரண்டு தடவை நடித்துக் காட்டியிருக்கிறேன்.

"ஜாக்கெட்டை ஏன் ஜெனி மேல போட்டீங்க?" என்று கேட்டேன்.

"அவன் அவளின்ரை முகத்தைப் பாக்கக் கூடாதெண்டு." பிறகு, "அவன் இல்லையெண்டு எனக்குத் தெரியும் அண்ணை. பிறகுதான் தெரிஞ்சது" என்றார்.

அவருடைய வருத்தம் நான் மைக்கில் பேசியதால் இல்லை. அதைவிடப் பெரிய வேலை நான் செய்திருந்தேன்.

"பிள்ளைக்கு இதொண்டும் தெரியாமல் வளக்க வேணுமெண்டு இருந்தனாங்கள். சித்தப்பா ஏதோ வருத்தம் வந்து ஆஸ்பத்திரியிலை செத்தவர் எண்டுதான் சொல்லி வைச்சது. அண்டைக்கு, அப்பா உங்களுக்கு விசரோ, மாமா அப்பிடிக் காட்டினவர் எண்டு கேட்டு அழுதாள். பிறகு சொல்லாமல் இருக்க ஏலுமோ? எல்லாத்தையும் சொன்னனான். இப்ப லைற்றைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள்."

சாக்குக்குள் இருந்தவன் தலையை ஆட்டியதற்கு ஏதாவது காரணம் இருந்திருக்கும். பயமோ, அடியோ. எனக்கு என்ன காரணம்? என்னை யார் அடித்தார்கள்? முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரர் என்னைப் பற்றிக் குறைவாக நினைத்துவிடுவாரே என்று தலையை ஆட்டினேன். முகத்தை மூடிக்கொள்ளக்கூட இல்லை.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அந்தத் தாளில் படித்ததைச் சொன்னேன். அங்கே முகமூடி போட்டது கைதியை யாரும் அடையாளம் கண்டுபிடிக்காமல் இருக்கத்தான் என்றேன். மரியதாஸ் கரண்டியைக் கையில் பிடித்தபடி முழுவதையும் கேட்டார்.

"அப்பிடியோ... நல்ல ஆக்கள்" என்றார். "முதலே சொல்லியிருந்தா நிண்டு பாத்திருப்பனே அண்ணை."

இதற்கு என்ன பதில் சொல்வது? சர்ப்ரைஸ் என்றா?

"இதைப் பத்தியிலை எழுதுவியளோ?" என்று அவரே கேட்டார்.

"வேணாம்னா எழுத மாட்டேன்."

"எழுதுங்கோ. பேரை மட்டும் மாத்துங்கோ. நான் ஓடினதை மைக்கிலை சொல்லியாச்சு. ஏன் ஓடினதெண்டும் ஆராவது சொல்ல வேணும்தானே." வடைகளை அள்ளித் தாளில் போட்டார். "அது சரி, அங்கை ஒரு மனுசன் உங்களிட்டை ஏதோ கேட்டவராம். ஜெனிக்குத் தூரத்திலை கேக்கேல்லை. என்ன கேட்டவர்?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் அமையுமா? அடுப்படியில் நாங்கள் இருவர்தான். வாயைத் திறந்தேன்.

"ஏதாவது ஹெல்ப் வேணுமான்னு கேட்டார்."

"நல்ல மனுசன்" என்றார் மரியதாஸ். ஒரு தட்டில் இரண்டு வடையை வைத்து நீட்டினார். "சூட்டோடை சாப்பிடுங்கோ அண்ணை." சாப்பிட்டேன். தொண்டையில் இறங்க மறுத்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். நன்றாகவே இறங்கியது. அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

நண்பர்களை அறிமுகம் செய்துவைக்க நமக்கெல்லாம் ரொம்பப் பிடிக்கும். "இவர் நம்ம ஆளு" என்று தோளில் கை போடுவோம். நல்ல சட்டை போட்டு, நல்லபடியாக நடந்துகொள்கிற வரைக்கும். நம்மோடு வந்தவர் என்று சொல்ல எப்போது கூச்சமாக இருக்கிறதோ, அப்போதுதான் அவருக்கு நாம் வேண்டியிருக்கிறது. இது எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய... ஜெனி வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதானே இருக்கிறது.

இந்தப் பத்திரிகை சென்னையிலிருந்து விமானத்தில் வந்து, கொஞ்சம் தாமதமாக எங்கள் ஊர்த் தமிழ்க் கடையில் தொங்கும். கட்டைப் பிரித்ததும் முதல் ஆளாக வாங்கி, இந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவதாக மரியதாஸ் பல தடவை சொல்லியிருக்கிறார். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே அச்சில், மாற்றிய பெயரில்.

அந்த ஆள் உதவி வேண்டுமா என்று கேட்கவில்லை, மரியதாஸ்.