உப்பு ஏறிய தொட்டி

மாதனூரில் போர் தண்ணீரே உப்பு. அப்படிப்பட்ட ஊரில் கேன் தண்ணீர் வாங்கி, சென்னையிலிருந்து வரவழைத்த கடல் உப்பைக் கரைத்து மீன் வளர்க்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். “நம்ம போர்ல இல்லாத உப்பா?” என்று கேட்காதவர் எங்கள் தெருவில் கிடையாது. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போதெல்லாம் சிரித்து வைக்கிறேன்.

ஹாலில் மூன்றடித் தொட்டி. அதில் ஒரே ஒரு குள்ள ஏஞ்சல் மீன், விரல் நீளம்தான். உடம்பெல்லாம் கருநீலம், விலாவில் மட்டும் ஆரஞ்சு. பாறையில் படிந்த பாசியை நாள் முழுக்கக் கொத்தித் திரியும். கண்ணாடிப் பக்கம் யார் போனாலும் எதிரே வந்து முறைக்கும். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வருமாதலால் அதை ரொம்பவே பிடித்துப்போனது. இதற்கு முன் வாங்கிய மீன் நிலைக்கவில்லை. இதுவும் போனால் தொட்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் மளமளவென்று இறங்கும். காலையிலேயே நான் ஷூ கம்பெனி பஸ் ஏறிவிடுவதால், குறைந்த தண்ணீரை ஊற்றி நிரப்புவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. அந்த நாட்களில்தான் மீன் பாறைக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது. இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு மட்டும் வேகவேகமாக வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை உப்பு மீட்டரை வைத்துப் பார்த்தேன். தாறுமாறாக ஏறியிருந்தது.

“தண்ணி ஊத்தறப்போ இன்னா பண்ணீங்க?”

“உப்பு போட்டுத்தான் ஊத்தினேன். இல்லன்னா கம்மியாய்டாதா?”

அவர் தோல் தொழிற்சாலையில், தோலைச் சுழலும் டிரம்மில் போட்டு உப்பும் ஆசிட்டும் கலந்த தண்ணீரில் ஊறவைக்கும் பிரிவில் வேலை செய்பவர். அங்கே தண்ணீர் சேர்த்தால் உப்பும் சேர்த்தாக வேண்டும். உப்பு குறைந்தால் தோல் ஊதி வீணாகிவிடும். தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும் என்று நான் சொல்லியிருந்தது அவர் காதில் ஏறவே இல்லை. கைப்பழக்கத்தில் தினமும் ஒரு பிடி உப்பு போட்டிருக்கிறார். கத்தித் தீர்த்துவிட்டேன். அவர் கேன் தண்ணீரை அப்படியே தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தார்.

“ஒரேடியா ஊத்தினா அதுவும் ஆகாது, செத்துடும்.”

கேனைக் கீழே வைத்து யோசித்தார். “அப்ப ஆசிட் விடற மாதிரின்னு சொல்லு. கொஞ்சம் விட்டு, டிரம்மை ஓடவிட்டு, அப்புறம் கொஞ்சம்.”

“அதேதான்” என்றேன். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

அதன்பிறகு ஷிப்ட் முடிந்து வந்தால் அவருக்கு அதுவே வேலை. தொட்டியிலிருந்து ஒரு சொம்பு எடுப்பார், கேனிலிருந்து ஒரு சொம்பு விடுவார், நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். உப்பு மெல்ல மெல்ல இறங்கியது. மீன் மட்டும் இரைக்கு வாயைத் திறக்கவில்லை. எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது. அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

கம்பெனியில் போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக வேண்டும். ஒருநாள் சூப்பர்வைசர் மேடம் என்னைக் கூப்பிட்டார். ஆபீஸ் போனுக்கு வீட்டிலிருந்து அழைப்பாம். கல்யாணமானதிலிருந்து வேலை நேரத்தில் அவர் போன் செய்ததே இல்லை. ஓடிப்போய் வாங்கினேன்.

“சாப்ட்டுச்சு” என்றார். “வெளிய வந்து, ரெண்டு துண்டு சாப்ட்டுச்சு.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மேடம் பயந்துபோய்த் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“வீட்ல யாருக்காவது முடியலயா?”

“சாப்டாமயே இருந்தது மேடம். இன்னிக்குத்தான்...”

“அதான் சாப்ட்டாங்கல்ல, அழாதீங்க. வயசானவங்க அப்படித்தான் இருப்பாங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு லைனுக்குத் திரும்பினேன். மறுநாள் உள்ளே நுழைந்ததும் மேடம் அக்கறையாகக் கேட்டார்: “இன்னிக்கு எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க மேடம்” என்றேன். “காலைல எழுந்ததும் என்னை முறைச்சாங்க.”